பேட்டரி அக்கா

பேட்டரி செத்துவிட்டதா என்று யார் கேட்டாலும் அக்கா உடனே பதில் சொல்ல மாட்டார். "வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு இந்நேரத்துக்கு வாங்க" என்பார். கேட்டவர் லாரி ஓட்டுபவராக இருந்தாலும் சரி, கல்யாண வீட்டுக்கு மைக் செட் கட்டக் கிளம்பியவராக இருந்தாலும் சரி, பதில் அதேதான்.

ஒருமுறை ஒருவர் கோபித்துக்கொண்டார். "பாத்தாலே தெரியலீங்களா? உள்ள பூரா வெளுத்துக் கெடக்குது."

"வெளுத்திருக்கறது தெரியுதுங்க. செத்துப்போச்சான்னு இன்னும் தெரியலீங்க."

போத்தனூரில் ரயில்வே குடியிருப்பைத் தாண்டி, மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவர் கடை. வெளியே போர்டு கிடையாது. வாசலில் பழைய பேட்டரிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். அவருடைய கணவர் ரயில் பெட்டிகளுக்கு விளக்கு எரியவைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். அவர் வீட்டில் வைத்துச் செய்த சில்லறை வேலைகளைப் பார்த்துப் பார்த்து அக்கா கற்றுக்கொண்டார். பிறகு அவரைவிடத் தேறிவிட்டார். சேலைக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். அப்படியும் அமிலம் தெறித்து, அவருடைய எல்லாச் சேலைகளின் கொசுவத்திலும் கடுகு கடுகாக ஓட்டைகள் இருக்கும்.

நான் அவரை முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அவருக்கு நாற்பதை ஒட்டி இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே மலையடிவாரக் காடுகளில் யானைகள் எந்த வழியாகப் போய் வருகின்றன என்று கண்டறியும் ஒரு திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். சில யானைகளின் கழுத்தில் ரேடியோ கருவி வைத்த பட்டை கட்டியிருந்தோம். பட்டை விடாமல் 'டிக், டிக்' என்று சமிக்ஞை அனுப்பும். அதைக் கேட்பதற்கு மூன்று குன்றுகளின் உச்சியில் மூன்று நிலையங்கள் வைத்திருந்தோம். நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கம்பத்தில் ஆன்டெனா, ஒரு தகரப் பெட்டிக்குள் ரேடியோ, அதோடு சேர்ந்த ஒரு பேனா. சமிக்ஞை வந்தால் பேனா ஆடும், ஓடும் காகிதச் சுருளில் கோடு விழும். காகிதத்தை நகர்த்துவது சாவி கொடுத்த ஸ்பிரிங். ரேடியோவுக்கும் பேனாவுக்கும் வேண்டிய மின்சாரத்தைப் பேட்டரி கொடுக்கும். பேட்டரிக்குப் பகலில் சோலார் தகடு.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. அந்தப் பேட்டரிகள் மாதம் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து கிலோவைக் கழியில் கட்டி இரண்டு பேர் தோளில் சுமந்து குன்றேறினோம். விற்றவர்கள் தகடு சரியில்லை என்றார்கள். தகடு கொடுத்தவர்கள் பேட்டரி சரியில்லை என்றார்கள். யாரோ சொல்லி, நின்றுபோன பேட்டரி ஒன்றை ஜீப்பில் போட்டுக்கொண்டு போத்தனூர் போனேன்.

அக்கா ஒரு நாள் வைத்துப் பார்த்தார். மறுநாள், "இது மேல ஒரு தப்பும் இல்லீங்க. பட்டினி கெடந்திருக்குது. இதை வெச்ச எடத்தை நான் பாக்கணும்" என்றார்.

கூட்டிப்போனேன். குன்றேறி வந்ததும் தகட்டைத் தொடக்கூட இல்லை. எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். காலை ஒன்பது மணி. சாப்பாட்டு நேரம் வந்தது, தூக்குப்போசியைத் திறந்து எனக்கும் அரிசிம்பருப்பு சாதம் கொடுத்தார். மறுபடி அதே பாறை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. மூன்று மணி தாண்டியதும் கையை நீட்டிக் காட்டினார். பக்கத்தில் இருந்த வாகை மரத்தின் ஒரு கிளையின் நிழல் தகட்டின் இடது மூலையில், உள்ளங்கை அளவுக்கு விழுந்திருந்தது.

"அது கொஞ்சம்தானேக்கா?"

மீட்டரை வைத்துக் காட்டினார். முள் பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. "ஒரு மூலை மறைஞ்சாலே மொத்தமும் படுத்துக்குதுங்க அம்மணி. தெனமும் மூணு மணிக்கு மேல இது வேலை செய்யலை."

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"உக்காந்து பாத்தேனுங்க."

கிளையை வெட்டினோம். அந்த நிலையம் அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. இரண்டாவது நிலையத்தில் ஒயர்கள் சேரும் டப்பிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. மூன்றாவதில் குரங்குகள் தகட்டைத் திருப்பி வைத்திருந்தன. அன்றிலிருந்து மாதம் இருமுறை அக்கா எங்களோடு மலைக்கு வரத் தொடங்கினார்.

தான் கண்ணால் பார்க்காத எதையும் அவர் சொல்ல மாட்டார். இதை முதலில் நான் ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். மேற்கே கருத்துக்கொண்டு வரும்போது, "மழை வருமாக்கா?" என்பேன். "மேகம் வருதுங்க" என்பார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அன்னூர்ப் பக்கம் ஒரு வரன் வந்தது. அந்தக் குடும்பம் எப்படி என்று அக்காவிடம் விசாரிக்க வந்தார்கள். "நான் அந்தூட்டுக்கு ஒருக்காத்தானுங்க போயிருக்கேன். ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். தண்ணி நல்லா இருந்துச்சு" என்றார். வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஒன்றரை வருடம் யானைகளுக்காக மலையேறியும் அவர் ஒரு காட்டு யானையைக்கூடப் பார்த்ததில்லை. அவர் வரும் நாட்களில் யானைகள் வேறு பக்கம் போயிருக்கும். கடைக்கு வருகிறவர்கள், "அங்க ஆனை நெறைய இருக்குதுங்களா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். "சாணி பாத்திருக்கேனுங்க. மரம் முறியற சத்தம் கேட்டிருக்கேன். ஆனையைப் பாத்ததில்லீங்க" என்பார். நான் எடுத்த புகைப்படங்களைக் காட்டினால், "இது படமுங்க அம்மணி" என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தருவார்.

அந்த வருடம் எனக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணம் நின்றுபோனது. காடு மேடெல்லாம் சுற்றுகிற பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எல்லாம் நல்லதுக்குத்தான், இதைவிட நல்ல இடம் வரும், அடுத்த வருடம் இந்நேரம் பார். கேட்கக் கேட்க அழுகைதான் வந்தது. இரண்டாம் குன்றில் நிலையத்துக்கு அருகில் உட்கார்ந்து, "நான் நல்லா இருப்பேனாக்கா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

அவர் டெர்மினலுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். நெடுநேரம், அந்த நிழலைப் பார்த்ததுபோல.

"காத்தால நாலு இட்டிலி சாப்பிட்டீங்க. எனக்கு முன்னால ஏறி வந்தீங்க. இன்னிக்கு நல்லா இருக்கறீங்க அம்மணி."

எனக்கு அன்று தேவைப்பட்டது அதுதான்.

மூன்றாம் குன்றுக்குப் போகும் வழியில் அக்காவின் அண்ணனுடைய வாழைத் தோட்டம் இருந்தது. காட்டை ஒட்டிய நிலம். நாங்கள் போகும்போதெல்லாம் அவர் இளநீர் வெட்டித் தருவார். நல்ல உயரம், உரத்த குரல், தங்கை மேல் கொள்ளைப் பிரியம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. "என்ற மருமவ கல்யாணத்துக்கு நான் போடற சீரைப் பாத்து ஊரே வாயப் பொளக்கணும்" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். அக்காவின் மகள் அப்போது கல்லூரிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள்.

முந்திய வருடம் குலை தள்ளிய வாழையை ஒரே வாரத்தில் யானைகள் தின்று மிதித்துத் தீர்த்திருந்தன. அக்காதான் அண்ணனுக்குப் பேட்டரி வேலி போட்டுக்கொடுத்தார். தொட்டால் சுரீரென்று ஓர் அதிர்ச்சி, அவ்வளவுதான். யானை பின்வாங்கிப் போய்விடும். சாகாது. போட்டு முடித்த அன்று அக்கா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"அண்ணா, ஊட்டு லைன் கரண்டை மட்டும் இதுல தொட்டுப்போடாதீங்க."

"எனக்குத் தெரியாதா அம்மணி" என்று சிரித்தார் அண்ணன்.

அடுத்த ஐப்பசியில் அது நடந்தது. மழைக்காலம் என்பதால் தகட்டுக்கு வெயில் போதாது, அதனால் வாரம் ஒருமுறை பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மூன்றாம் குன்றில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். பகல் பன்னிரண்டே கால் மணி. அக்கா பேட்டரிக்குத் தண்ணீர் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்தார். "பன்னெண்டு புள்ளி ஆறு. எழுதிக்குங்க அம்மணி" என்றார். எழுதினேன். பழைய காகிதச் சுருளைக் கழற்றியதும், புதியதை மாட்டுவதற்கு முன், வழக்கம்போல உபரியாக வைத்திருந்த ஒரு கழுத்துப்பட்டையை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் பிடித்தார். பேனா துள்ளி ஆடியது. அதையும் எழுதினேன். மேலே மேகம் கூடிக்கொண்டு வந்ததால், புதிய சுருளை மாட்டிவிட்டு, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் இறங்கிவிட்டோம். அன்று மாலை பிடித்த மழை மறுநாள் முழுவதும் பெய்தது.

மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள் வந்து சொன்னார்கள். மூன்றாம் குன்றுக்கு அந்தப்புறம், காட்டுப் பள்ளத்தில் ஒரு யானை செத்துக் கிடக்கிறது. அக்கா அன்று எங்களோடு இருந்தார். "நானும் வாரேனுங்க" என்றார்.

இளம் ஆண் யானை. நாங்கள் பட்டை கட்டியவற்றில் ஏழாவது. மழையில் நனைந்து ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. துதிக்கையில் நீளமாக ஒரு கருகல் தடம். சுற்றிலும் மழை எல்லாத் தடயத்தையும் கழுவியிருந்தது. கால்நடை மருத்துவர், மின்சாரம் தாக்கியிருக்கலாம், எங்கே என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அக்கா யானையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். அதன் கண்ணோரத்தில் ஈ மொய்த்தது. முந்தானையால் விசிறினார்.

"கண்ணுல மயிரு இருக்குதுங்க அம்மணி. எவ்வளவு நீளம் பாருங்க" என்றார். அவர் பார்த்த முதல் காட்டு யானை அது.

அன்று மாலை அலுவலகத்தில் சுருளைப் பிரித்தேன். எங்கள் திட்டத் தலைவரும் அக்காவும் அருகில் இருந்தார்கள். அந்தக் கழுத்துப்பட்டைகளில் ஓர் ஏற்பாடு உண்டு. யானை நான்கு மணி நேரம் அசையாமல் இருந்தால், சமிக்ஞை இரட்டை வேகத்தில் அடிக்கும். செத்துவிட்டது என்பதற்கு அறிகுறி. சுருளில், பின்னிரவு வரை சாதாரணக் கோடுகள். விடியும்போது இரட்டைக் கோடுகள். காலை பத்து மணிவரை நெருக்கமாக, விடாமல். பத்து மணிக்கு மேல் வெறும் காகிதம்.

மூன்றாம் குன்றின் ஆன்டெனாவுக்குத் தோட்டங்கள் இருக்கும் பக்கம்தான் கேட்கும். யானை கிடந்த பள்ளத்திலிருந்து ஒன்றும் கேட்காது, நடுவில் குன்றின் முதுகு மறைத்துவிடும். அப்படியென்றால் ஏழாவது யானை தோட்டப் பக்கத்தில் செத்து, காலை பத்து மணிவரை அங்கேயே கிடந்திருக்கிறது. அதற்கப்புறம் யாரோ அதைப் பள்ளத்துக்கு இழுத்துப்போய்ப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் காட்டை ஒட்டி இருந்தது ஒரே ஒரு தோட்டம். அதன் மூலையில் நிலம் சமன் செய்ய வாடகைக்கு எடுத்த புல்டோசர் ஒன்று ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்ததும் எங்களுக்குத் தெரியும்.

தலைவர் மெதுவாகச் சொன்னார். "பத்து மணிக்குப் பேட்டரி நின்னிருக்கலாமே? ஐப்பசி மாசம், வெயிலே இல்லை. கரண்ட் இல்லாம பேனா நின்னாலும் காகிதம் இப்படித்தான் வெறுமையா ஓடும்."

அவர் கெட்டவர் இல்லை. விவசாயிகளோடு பகைத்துக்கொண்டால் திட்டமே நின்றுபோகும், மற்ற யானைகளையும் காப்பாற்ற முடியாமல் போகும் என்று பயந்தார்.

"நிக்கலீங்க சார்" என்றார் அக்கா. "பன்னெண்டே காலுக்கு நான் பாத்தேனுங்க. பன்னெண்டு புள்ளி ஆறு. பட்டையப் புடிச்சேன், பேனா ஆடுச்சு. இந்த அம்மணியும் இருந்தாங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

ஞாபகம் இருந்தது. இன்றும் இருக்கிறது. எனக்கு அடுத்த ஆறு மாதத்துக்கு வேலை நீட்டிப்பு வரவேண்டியிருந்தது. கல்யாணம் நின்றுபோன வீட்டில், அந்த வேலையும் இல்லாமல் போய் உட்கார எனக்குத் துணிவில்லை. மறுநாள் என் குறிப்பு நோட்டைத் தலைவர் வாங்கி வைத்துக்கொண்டார். அலுவலகப் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே 'மின்தடை எனச் சந்தேகம்' என்று எழுதினேன்.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். இதை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அண்ணன் வந்துவிட்டார். என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அம்மணி, பேட்டரி நின்னுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"நிக்கலீங்கண்ணா."

"போன வருசம் பூராத் தோட்டமும் போச்சு. அதை நீ பாக்கலையா?"

"பாத்தேனுங்கண்ணா. கேட்டா அதையும் சொல்லுவேன்."

"அதைக் கொல்லோணும்னா நான் நெனைச்சேன்? பேட்டரி ஷாக்குக்கு அதுக பயப்படறதே இல்லை. ஒரு நாளைக்கு மட்டும்னுதான்..."

"வேண்டாங்கண்ணா. எங்கிட்டச் சொல்லாதீங்க." அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க ஒயர் போட்டதை நான் பாக்கலை. நீங்க என்ன நெனைச்சீங்கன்னும் தெரியாது. அதெல்லாம் நான் சொல்லப் போறதில்லை. பேட்டரி உசுரோட இருந்துச்சு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பப் புள்ளை கல்யாணத்துக்கு வேற மாமனைத் தேடிக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றுகிற கை அது. அன்று மேசையெல்லாம் நனைந்தது. நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

வனத்துறை அலுவலகத்தில் அக்கா போய் வாக்குமூலம் கொடுத்தார். அண்ணனைக் கைது செய்தார்கள். இரண்டு வாரத்தில் ஜாமீனில் வந்தார். எங்கள் பதிவேடு ஒன்று சொல்ல, அக்கா வேறொன்று சொல்ல, ஒரே ஒரு பெண்ணின் சொல்லை வைத்து வழக்கு நிற்கவில்லை. கடைசியில் தள்ளுபடியானது. நான் ஒரு வரி சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும்.

அடுத்த வைகாசியில் அக்கா மகளின் கல்யாணம் அன்னூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. கொங்குக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமனின் உரிமை. பட்டம் வெள்ளித் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு தயாராக இருந்தது. ஒவ்வொரு முறை வாசலில் கார் வந்து நிற்கும்போதும் மண்டபமே திரும்பிப் பார்த்தது. முகூர்த்தம் நெருங்கியது. சடங்கு நடத்தும் அருமைக்காரர் பெரியவர் அக்காவைக் கூப்பிட்டு, "பங்காளிகள்ல அண்ணன் முறை ஆரையாச்சும் நிக்க வெச்சுக்கலாம் அம்மணி. அண்ணன் இல்லாத ஊட்டுல அப்படித்தான் செய்யறது" என்றார்.

அக்கா எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "என்ற அண்ணன் இருக்காருங்க. இல்லைன்னு சொல்லி இன்னொருத்தரை நிக்க வெக்க மாட்டேன்."

பட்டம் கட்டாமலே தாலி ஏறியது. கல்யாணப் பெண் அழுதாள். அக்கா அழவில்லை. பந்தியில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

சாப்பாடெல்லாம் முடிந்து, சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். ஏழு மாதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவைத்தது, நாலே சொல்லாகத்தான் வெளியே வந்தது.

"அக்கா... நானும் அங்கதானே இருந்தேன்."

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அல்லது, போகட்டும் விடு கண்ணு என்று சொல்வார் என்று நினைத்தேன். இரண்டில் எது கிடைத்திருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"ஆமாங்க அம்மணி. நீங்களும் இருந்தீங்க" என்றார்.

பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி, வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பொட்டலத்தில் பலகாரம் கட்டிக் கொடுத்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அந்த ஆண்டின் முடிவில் திட்டம் முடிந்தது. எனக்கு அசாமில் வேலை கிடைத்தது. அங்கேயும் காடு, அங்கேயும் யானைகள், அங்கேயும் குன்றின் மேல் தகடும் பேட்டரியும். நிழல் விழுகிறதா என்று முழு நாள் உட்கார்ந்து பார்க்க என்னோடு யாரும் இல்லை. நானே உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு தூக்குப்போசியைத் திறக்கும் ஓசைக்காக எத்தனையோ மதியங்கள் ஏங்கியிருக்கிறேன். யாராவது ஏதாவது ஒன்றை அடித்துச் சொன்னால், "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அவர்கள் சங்கடப்படுவார்கள். நானும் சங்கடப்படுவேன், வேறு காரணத்துக்காக.

மூன்று வருடம் கழித்து விடுமுறையில் கோவை வந்தபோது நேரே போத்தனூர் போனேன். அந்தக் கடையில் பிளாஸ்டிக் குடங்கள் தொங்கின. அக்காவின் கணவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மகளும் மருமகனும் இருக்கும் ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாக மாவு மில்காரர் சொன்னார். சூரத்தா, பரோடாவா, அவருக்குத் தெரியவில்லை.

விலாசம் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஓர் ஆள்தான் என் நினைவுக்கு வந்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன்.

அண்ணன் இளைத்திருந்தார். வாழையை எடுத்துவிட்டுப் பாக்கு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். நெடுநேரம் மழையைப் பற்றியும் பாக்கு விலையைப் பற்றியும் பேசினார். பிறகு நான் கேட்டேன்.

அவர் உள்ளே போய், காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துவந்தார். சூரத் விலாசம். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"சம்பந்தி ஊட்டுல ஆள் விட்டு வாங்குனதுங்க. ஒரு வருசமாச்சு" என்றார். "எழுதலாம்னு உக்காருவேன். என்னன்னு எழுதறதுங்க? அவ பொய் சொல்லலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எனக்கும் தெரியுங்க" என்றேன். "நானும் அங்க இருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்கும் தெரிந்திருந்தது. நான் விலாசத்தைக் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது, "நீங்க எழுதுங்க. நானும் எழுதறேன்" என்றார்.

அன்று மாலையே எழுதினேன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. ஐப்பசியில் அந்த நாள், பகல் பன்னிரண்டே கால் மணிக்கு மூன்றாம் குன்றில் பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியதை நான் பார்த்தேன், பேனா ஆடியதைப் பார்த்தேன், அதை மறைத்துப் பதிவேட்டில் பொய் எழுதினேன் என்று எழுதி முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரு பிரதியை வனத்துறை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து பதில் இல்லை. முடிந்துபோன வழக்கு.

சூரத்திலிருந்து, என் விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் இருக்கையில், ஓர் அஞ்சலட்டை வந்தது. அக்காவின் எழுத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பள்ளிப் பிள்ளையின் எழுத்துபோல உருண்டையாக, கோடு போட்டதுபோல நேராக இருந்தது.

'நீங்கள் எழுதியது வந்து சேர்ந்தது. இரண்டு தரம் படித்தேன். பேத்தி பிறந்திருக்கிறாள். அண்ணன் கடிதம் ஏதும் வரவில்லை.'

அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன், வேறொன்றும் இல்லை. எனக்கென்று அதில் ஒரு சொல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தேடினேன். இரண்டு தரம் படித்தேன் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றேன். மறுநாள் காலை அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டுப்பாளையம் போனேன்.

அண்ணன் பாக்குத் தோப்பில் வாய்க்காலைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்வதுபோலப் படுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஏதாவது சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

அவர் அந்த வரியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஈர விரல் பட்டு மை லேசாகக் கலங்கியது.

"அண்ணன்னுதானுங்க எழுதியிருக்கறா?" என்று கேட்டார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க அம்மணி. அண்ணன்னுதானே இருக்குது?"

குனிந்து பார்த்தேன்.

"ஆமாங்க" என்றேன். "அண்ணன்னுதான் இருக்குது."